இரண்டு நாள் இடைவெளி

2021 நவம்பர் 2, செவ்வாய்க்கிழமை, ‘ஜெய் பீம்’ அமேசான் பிரைம் வழியாக வீடுகளுக்குள் வந்தது. நவம்பர் 4, வியாழக்கிழமை, தீபாவளியன்று ‘அண்ணாத்த’ திரையரங்குகளுக்கு வந்தது. விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணற்றுக்காரர்களுக்கு முதல் படத்துக்குச் செல்பேசி போதும். இரண்டாவது படத்துக்கு விருதுநகர் பஸ் ஏற வேண்டும். அந்த வாரத்திலிருந்தே இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஒன்று சிந்திக்கிறவர்களுக்கு, மற்றது விசிலடிக்கிறவர்களுக்கு என்பார்கள். ஒன்று உண்மைக் கதை, மற்றது ஊர்க் கதை என்பார்கள். பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் ஒரு பெரியவர் இதை இன்னும் சுருக்கிச் சொன்னார்: “ரஜினி ஒரு அடியில முடிச்சிர்றாரு. அந்த வக்கீலு பேசி முடிக்க ரெண்டே முக்கா மணி நேரமாகுது.”

நகைச்சுவையாகச் சொன்னாலும் இதில் ஒரு தகவல் பிழை இருக்கிறது. ரஜினிக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகிறது. இரண்டு படங்களும் ஓடுவது சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். அந்தத் தீபாவளிக்கு வெடி வெடிக்கத் தமிழக அரசு அனுமதித்தது காலை ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம், ஆக இரண்டே மணி நேரம். பட்டாசு செய்யும் மாவட்டத்தில் பட்டாசுக்குக் கிடைத்ததைவிடச் சினிமாவுக்கு அதிக நேரம் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொண்டு மேலே போகலாம்.

படங்கள் வந்த வாரத்தை முதலில் பார்ப்போம். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் தீபாவளி என்பது ஒரு நாள் பண்டிகை அல்ல. ஓராண்டு உழைப்பு வந்து முடியும் இடம். கடைசிச் சரக்கு லாரி ஏறியதும் ஆலைகள் மூடுகின்றன, போனஸ் கைக்கு வருகிறது, மீண்டும் பூஜை போட்டு வேலை தொடங்கும்வரை ஓய்வு. கையில் காசும் நேரமும் ஒருசேர இருப்பது இந்தப் பகுதி உழைப்பாளிக்கு வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான். தீபாவளிப் படம் அந்த இடைவெளியை நம்பி வருகிறது. 2021இல் அதற்கு இன்னொரு வசதியும் கிடைத்தது. கொரோனாவுக்குப் பிறகு பாதி இருக்கைகளோடு இயங்கிய தமிழகத் திரையரங்குகள் எல்லா இருக்கைகளையும் நிரப்பிக்கொள்ளலாம் என்ற அனுமதி நவம்பர் 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. ‘அண்ணாத்த’ அந்த முழு அரங்கத்துக்காகவே காத்திருந்தது போல வந்தது. ‘ஜெய் பீம்’ அரங்கம் திறந்தாலும் மூடினாலும் தனக்குக் கவலையில்லை என்ற தைரியத்தோடு வந்தது. ஒன்றுக்குத் தேதிதான் பலம், மற்றதற்குத் தேதி ஒரு வசதி.

இனிக் கதைகளுக்கு வருவோம். வியப்பு அங்கேதான் தொடங்குகிறது. ‘அண்ணாத்த’வில் காணாமல்போனவள் ஒரு பெண், தேடுகிறவர் அண்ணன் காளையன். ‘ஜெய் பீம்’மில் காணாமல்போனவன் ஓர் ஆண், தேடுகிறவள் மனைவி செங்கேணி. காளையனின் தங்கை தங்க மீனாட்சி கொல்கத்தாவில் கணவனும் அருகில் இல்லாமல், உடைமைகளும் பறிபோய்ப் பெரும் புள்ளிகளின் கையில் சிக்கித் தவிக்கிறாள். செங்கேணி சொந்த மாநிலத்திலேயே காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே அந்நியளாக நிற்கிறாள். இரண்டு பெண்களுக்காகவும் சக்தி வாய்ந்த ஓர் ஆண் இறங்கிப் போராடுகிறார்: காளையனாக ரஜினி, வழக்கறிஞர் சந்துருவாகச் சூர்யா. எதிரில் நிற்கும் அதிகாரம் இருவரையும் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. கடைசியில் இரு கதைகளிலும் அந்த அதிகாரம் மண்டியிடுகிறது. கதைச் சுருக்கத்தை நான்கு வரியில் எழுதி, பெயர்களையும் ஊர்களையும் அழித்துவிட்டுக் கொடுத்தால் எது எந்தப் படம் என்று கண்டுபிடிக்க ஒரு நொடி தடுமாற வேண்டியிருக்கும்.

வேறுபாடு எங்கே என்றால், தனக்காக யார் போராடுகிறார் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்ற இடத்தில். தங்க மீனாட்சிக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் படத்தின் மொத்த ஏற்பாடும். அண்ணன் நிழலாக நின்று அடிக்கிறார், தங்கை யாரோ ஒரு தெய்வம் துணை நிற்பதாக நினைக்கிறாள். செங்கேணிக்குத் தெரியும். தெரிவது மட்டுமல்ல, படத்தின் பெரிய முடிவுகளை எடுப்பவளே அவள்தான். இழப்பீட்டுப் பணத்தோடு வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்று உயர் காவல் அதிகாரி சொல்லும்போது, கணவனைக் கொன்றவர்களின் காசில் பிள்ளைகளை வளர்க்க மாட்டேன் என்று மறுப்பது வழக்கறிஞர் அல்ல, அவள். ரஜினி படத்தில் பாதுகாப்பு என்பது காக்கப்படுபவருக்குத் தெரியாமல் தரப்படும் அன்பு. சூர்யா படத்தில் பாதுகாப்பு என்பது கேட்டு வாங்கும் உரிமை. இதை வைத்து ஒன்றை உயர்வு என்றும் மற்றதைத் தாழ்வு என்றும் தீர்ப்பெழுதிவிடலாம். எனக்கு அவ்வளவு அவசரமில்லை. சொல்லாமல் செய்கிற அண்ணன் மீது நம் ஊர்ப் பெண்களுக்கு இருக்கும் பற்று சினிமாக்காரர்கள் உண்டாக்கியது அல்ல. ‘அண்ணாத்த’வுக்குச் சில வாரங்கள் முன்னால், அக்டோபரில், இதே அமேசான் பிரைமில் அண்ணன் தங்கைக் கதையான ‘உடன்பிறப்பே’ வந்தது. இரண்டுக்கும் இசை டி. இமான். வீட்டுக்கு வரும் படங்கள் பாசத்தைக் கைவிட்டுவிட்டன என்று யாராவது சொன்னால் அதை நினைவூட்டலாம்.

தொடக்கக் காட்சிகளையும் ஒட்டிவைத்துப் பாருங்கள். ‘ஜெய் பீம்’ சிறை வாசலில் தொடங்குகிறது. வெளியே வருகிறவர்களிடம் நீ என்ன சாதி என்று கேட்டு, சிலரை வீட்டுக்கு அனுப்பி, சிலரைப் பழைய வழக்குகளில் சேர்க்க ஓரமாக ஒதுக்குகிறார்கள். ‘அண்ணாத்த’வில் நாயகன் யார் என்பதை ஊரே கூடிப் பாடிச் சொல்கிறது. பாடியவர் எஸ். பி. பாலசுப்ரமணியம்; படம் வந்தபோது அவர் மறைந்து ஓராண்டு கடந்திருந்தது. அந்தக் குரல் எழுந்ததும் அரங்கில் கூச்சலுக்கு நடுவே ஒரு கனமும் இறங்கியது, ரஜினி ரசிகர் அல்லாதவர்களுக்கும் இறங்கியிருக்கும். இரண்டு படங்களும் ஒரு மனிதனை ‘நீ யார்’ என்று கேட்டுத்தான் கதவைத் திறக்கின்றன. ஒன்றில் அந்தக் கேள்விக்கு விடை சொன்னால் ஆபத்து, மற்றதில் விடை சொன்னால் கொண்டாட்டம்.

வழக்கறிஞர் விஷயம் வேடிக்கையானது. ‘ஜெய் பீம்’மின் சந்துரு வழக்கறிஞர் என்பது தெரிந்ததே, பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்த கொடுமைக்காக வாதாடிய வழக்கே அதன் மூலம். ஆனால் ‘அண்ணாத்த’விலும் ஒரு வழக்கறிஞர் இருக்கிறார் என்பது பலருக்கு நினைவில் இல்லை. நயன்தாரா ஏற்ற பட்டம்மாள் சட்டம் படித்தவர். அவர் பக்கத்திலேயே இருக்க, அநியாயத்துக்குத் தீர்ப்பு காளையனின் கைகளால் எழுதப்படுகிறது. ஆட்கொணர்வு மனு என்றொன்று இருப்பதை அந்தப் படத்தில் யாராவது பட்டம்மாளுக்கு நினைவூட்டியிருந்தால் இரண்டாம் பாதியே இருந்திருக்காது. எதிர்ப்பக்கமும் முழுக்கச் சுத்தம் என்று சொல்ல முடியாது. சந்துருவின் அறிமுகம் நட்சத்திர நுழைவின் தோரணையில்தான் இருக்கிறது. வாதத்தில் அவரை எவரும் நெடுநேரம் வீழ்த்திவைக்க முடிவதில்லை. அரசு வழக்கறிஞர்கள் அடியாட்கள் வரிசையில் வருவது போலவே ஒருவர் பின் ஒருவராக வந்து தோற்கிறார்கள். காளையனுக்குக் கை, சந்துருவுக்குச் சட்டம். இருவருக்கும் தோல்வி கிடையாது. வீட்டுத் திரைக்கு வந்த படம் தன் நாயகனை அரங்கத்திலிருந்தே கடன் வாங்கியிருக்கிறது.

இரண்டிலும் பிரகாஷ்ராஜ் இருக்கிறார். ‘அண்ணாத்த’வில் நட்டதுரை, ‘ஜெய் பீம்’மில் ஐ.ஜி. பெருமாள்சாமி. ஒன்றில் எதிரியாகத் தொடங்கி மனம் மாறுகிறவர், மற்றதில் காவல்துறையின் மனசாட்சி. இரண்டு நாள் இடைவெளியில் ஒரே முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது சற்றுக் குழப்பமான தீபாவளி. மொழியைக் கையாள்வதிலும் ஒரு சுவையான முரண். ‘அண்ணாத்த’வின் கொல்கத்தாவில் ரவுடிகள் முதல் தொழிலதிபர் வரை சரளமாகத் தமிழ் பேசுகிறார்கள், மொழி என்ற சிக்கலே அந்த ஊரில் எழுவதில்லை. ‘ஜெய் பீம்’மில் இந்தியில் பேசித் தப்பிக்கப் பார்ப்பவருக்குப் பெருமாள்சாமியிடமிருந்து அறை விழுகிறது, அது நாடு முழுவதும் சர்ச்சையானது. முதல் படம் மொழிப் பிரச்சினையைக் கண்டுகொள்ளவில்லை, இரண்டாவது படம் தேவைக்கு மேலேயே கண்டுகொண்டது.

இதுவரை சொன்னவை கதையில் உள்ள ஒற்றுமைகள். இரண்டையும் உண்மையில் பிரிப்பது, என் கணிப்பில், காட்சிகளுக்கு நடுவே விடப்படும் காலியிடம். அரங்கத்துக்கென்று எடுக்கும் படத்தில் இயக்குநர் பார்வையாளருக்காக இடம் ஒதுக்குகிறார். ரஜினி திரும்புகிறார், ஒரு நொடி நிற்கிறார், தலையைக் கோதுகிறார், பிறகுதான் பேசுகிறார். அந்த நிற்கும் நேரம் வசனத்துக்கானது அல்ல, விசிலுக்கானது. ‘அண்ணாத்த’வின் இயக்குநர் சிவா இந்தக் கணக்கைப் பழுத்த கையோடு போடுகிறவர். எந்த வசனத்துக்குப் பிறகு எத்தனை நேரம் கைத்தட்டல் நிற்கும், அடுத்த வசனம் அதில் மூழ்கிவிடாமல் எப்போது தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நிறைந்த அரங்கில் பார்க்கும்போது இந்த இடைவெளிகள் கண்ணுக்கே தெரிவதில்லை. நம் சத்தமே அவற்றை நிரப்பிவிடுகிறது. அதே படம் சில வாரங்களில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது எல்லாம் வெளிச்சமாகத் தெரிந்தது. கூடத்தில் நால்வர் உட்கார்ந்திருக்க, திரையில் ஒருவர் எதற்கோ காத்துக்கொண்டு நிற்கிறார். படம் மோசமாகிவிடவில்லை. அது கேட்கும் பங்கை நாம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

‘ஜெய் பீம்’மில் இருக்கும் இடைவெளிகள் வேறு வகை. லாக்கப் காட்சிகளில் அடி விழும் சத்தத்துக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இயக்குநர் த. செ. ஞானவேல் விடும் மௌனம் பார்க்கிறவரைத் தனியாக்குகிறது. அரங்கத்தில் அந்த மௌனத்தை யாராவது ஒருவரின் இருமலோ நையாண்டியோ உடைத்துவிடும். வீட்டில் உடைக்க யாருமில்லை. ரிமோட் இருக்கிறது என்று சொல்லலாம். உண்மைதான். அந்தக் காட்சிகளின்போது படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. நிறுத்த முடிகிற வசதி இருந்ததால்தான் பலர் அந்தப் படத்தை முடிவுவரை பார்த்தார்கள் என்பது என் எண்ணம். அரங்கில் அதே காட்சிக்கு எழுந்து போயிருந்தால் அவர்கள் திரும்பி வந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

ஆனால் ‘ஜெய் பீம்’மிலும் விசிலுக்கென்றே செய்த ஓர் இடம் இருக்கிறது. செங்கேணியை மரியாதையாக வீட்டில் கொண்டுபோய் விடும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது. அவள் ஜீப்பில் ஏற மறுத்து நடக்கிறாள். கெஞ்சியபடியே காவல்துறை ஜீப் அவள் பின்னால் ஊர்கிறது. அந்தக் காட்சி ஒரு முதல் நாள் முதல் காட்சியை எதிர்பார்த்து ஏங்குகிறது. ஒரு சொல்லும் பேசாமல், ஓர் அடியும் அடிக்காமல், நிறைமாத வயிற்றோடு நடந்தே ஒருத்தி நட்சத்திரமாகிறாள். செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸின் அந்த நடையில் ‘அண்ணாத்த’வின் எந்தச் சண்டைக் காட்சியையும்விட ஆரவாரத்துக்கான தகுதி அதிகம். அது கைத்தட்டல் கிடைக்காமல் வீட்டுக் கூடங்களில் கடந்துபோனதில் எனக்கு இன்றும் ஒரு வருத்தம் உண்டு. திரும்பிப் பார்த்தால், ‘அண்ணாத்த’வில் அரங்கத்துக்குப் பொருந்தாத அமைதியான இடங்களும் உண்டு: தன்னை யாரென்று தெரியாமலேயே தங்கை நன்றியோடு நினைக்கும்போது தூரத்தில் நின்று பார்க்கும் அண்ணனின் முகம். கூச்சலில் அது எனக்கு முழுதாகக் கிடைக்கவில்லை, வீட்டில்தான் கிடைத்தது. ஆக ஒவ்வொரு படத்தின் மிகச் சிறந்த ஒரு காட்சி, அது வந்த வாசலைத் தவறவிட்டு மற்ற வாசலுக்கு உரியதாக இருக்கிறது.

வீட்டில் படம் பார்ப்பது தனிமை, அரங்கில் பார்ப்பது கூட்டம் என்ற பிரிவும் கரிசல் காட்டில் அவ்வளவு பழையதல்ல. வீடியோ டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து, சடங்கு வீட்டிலும் பங்குனிப் பொங்கலிலும் விடிய விடிய மூன்று படம் போட்ட காலத்தைக் கண்டவர்கள் இன்னும் நடுவயதுதான். அதுவும் வீட்டுக்கு வந்த படம்தான். ஆனால் தெருவே பார்த்தது. திண்ணையில் ஒருவர், வேப்பமரத்தடியில் பத்துப் பேர், டெக்காரர் மட்டும் கேசட்டுக்குக் காவல். வீட்டுத் திரை தனிமையானது தொலைக்காட்சிப் பெட்டியால் அல்ல, செல்பேசியால். ‘ஜெய் பீம்’மைப் பலர் செல்பேசியில் பார்த்தார்கள், அடுத்த சில நாட்களுக்குள் ‘அண்ணாத்த’வையும் பலர் அதே செல்பேசியில், டெலிகிராமில் சுற்றிய கள்ளப் பிரதியில் பார்த்தார்கள். ஒன்றை நிறுவனம் கொண்டுவந்தது, மற்றதைத் திருட்டு கொண்டுவந்தது. கைக்குள் வந்து சேர்ந்த பிறகு இரண்டும் ஒரே அளவுத் திரை.

இந்த மாவட்டத்துக்காரன் கவனிக்காமல் விட முடியாத இன்னொரு பொருள், சுவரில் தொங்கும் நாட்காட்டி. ‘ஜெய் பீம்’மில் கொடுமைக்கார உதவி ஆய்வாளரின் வீட்டில் தெரிந்த நாட்காட்டியில் இருந்த அக்கினிக் கலசம், வன்னியர் சமூகத்தைக் குறிப்பதாகக் கடும் எதிர்ப்பு எழுந்தது. படக்குழு நாட்காட்டியில் இருந்த படத்தை மாற்றியது, லட்சுமி வந்தாள். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரித் தொகுப்பைச் சந்தைக்குக் கொண்டுவரும் சிவகாசியில் யாரும் அச்சடித்த தாளை இப்படித் திரும்பப் பெற முடியாது. ஒருமுறை இயந்திரத்திலிருந்து வெளியே வந்தால் வந்ததுதான். சுவரொட்டியும் அப்படித்தான். 2021 செப்டம்பரில் ‘அண்ணாத்த’ முதல் பார்வைச் சுவரொட்டிக்குத் திருச்சியில் ஆடு வெட்டி ரத்தம் தெளித்தது செய்தியானபோது, ரசிகர் மன்றத் தலைமை கண்டிக்க முடிந்ததே தவிர நடந்ததை அழிக்க முடியவில்லை. அரங்கப் படங்களும் எதிர்ப்புக்குப் பணிவதுண்டு. 2018 தீபாவளிக்கு வந்த ‘சர்கா’ரில், அரசு இலவசமாகக் கொடுத்த பொருட்களைத் தீயில் எறியும் காட்சி சில நாட்களிலேயே வெட்டப்பட்டது. ஆனால் அங்கே வெட்டு வெட்டாகவே தெரிந்தது. முதல் நாள் பார்த்தவன் ‘நான் முழுசாப் பார்த்தேன்’ என்று பெருமையடிக்கலாம். ஓடிடி படத்தில் மாற்றம் தையல் தெரியாமல் நடக்கிறது. நேற்றுப் பார்த்ததை இன்று திரும்பப் போட்டால் சுவரில் வேறு நாட்காட்டி. ‘அண்ணாத்த’ வெளியான பின் அதைத் தையல் தெரியாமல் தொட முடியாது என்பது அதன் பலமா, ‘ஜெய் பீம்’மைத் தொட முடியும் என்பது அதன் பலமா என்று கேட்டால், கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் விடை.

இந்த வீட்டு வாசல் எப்படித் திறந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2013இல் ‘விஸ்வரூப’த்தை டிடிஎச் வழியாக வீடுகளுக்குக் கொடுக்கக் கமல்ஹாசன் முயன்றபோது திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்தார்கள், அந்தத் திட்டம் நினைத்தபடி நடக்கவில்லை. 2020இல் ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக அமேசானுக்குப் போகும் என்றானபோது அதன் தயாரிப்பாளரான சூர்யாவின் படங்களை இனித் திரையிட மாட்டோம் என்று எச்சரித்தார்கள். அதே ஆண்டுத் தீபாவளிக்கு ‘சூரரைப் போற்று’ அதே வழியில் போய்ப் பின்னர் சிறந்த படம் உட்பட ஐந்து தேசிய விருதுகளை வாங்கியது. எதிர்ப்புகள் எல்லாம் வாசலைப் பற்றியவை. உள்ளே வருவது எப்படிப்பட்ட படம் என்பதை யாரும் அதிகம் விவாதிக்கவில்லை.

‘அண்ணாத்த’வும் ‘ஜெய் பீம்’மும் முடிந்த பிறகு நடந்ததுதான் இந்த ஒப்பீட்டை எழுதத் தூண்டியது. சிவா அடுத்துச் சூர்யாவை வைத்துப் படம் எடுத்தார். ஞானவேல் அடுத்து ரஜினியை வைத்துப் படம் எடுத்தார். தீபாவளி வாரத்தில் எதிரெதிர் வாசல்களில் நின்ற இரு இயக்குநர்களும் தங்கள் நாயகர்களை மாற்றிக்கொண்டார்கள்! அதோடு நிற்கவில்லை. சூர்யாவின் ‘கங்குவா’வும் ரஜினியின் ‘வேட்டைய’னும் 2024 அக்டோபர் 10 என்ற ஒரே தேதியில் மோதுவதாக இருந்தன. மூத்தவருக்கு வழிவிடுவதாகச் சூர்யா மேடையில் சொல்ல, ‘கங்குவா’ நவம்பர் 14க்குத் தள்ளிப்போனது. இப்படி ஒரு சமச்சீரை எந்தத் திரைக்கதை ஆசிரியராவது எழுதியிருந்தால் நம்பும்படி இல்லை என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

நடிகர்கள் இடம் மாறினார்கள், ஆனால் இயக்குநர்கள் மாறவில்லை. ஞானவேல் ‘ஜெய் பீம்’மின் ஒளிப்பதிவாளர் எஸ். ஆர். கதிரையும், சிவா ‘அண்ணாத்த’வின் ஒளிப்பதிவாளர் வெற்றியையும் தங்களோடு அழைத்துச் சென்றார்கள். கதைகளும் கூடவே போயின. ‘கங்குவா’வில் தன்னை வெறுக்கும் ஒரு சிறுவனை, அவன் தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகக் காப்பாற்றுகிறான் நாயகன், காக்கப்படுகிறவனுக்குக் காப்பவனின் அருமை தெரியாது என்ற ‘அண்ணாத்த’வின் அதே முடிச்சு, காலம்தான் 1070. ‘வேட்டைய’னில் செய்யாத குற்றத்துக்காக ஏழை ஒருவன் காவல்துறையின் கையில் சாகிறான், ‘ஜெய் பீம்’மின் அதே காயம். ஆனால் இம்முறை சுட்டது நாயகன். செங்கேணியின் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை, துப்பாக்கியின் பக்கம் போய் நின்று பார்த்தார் ஞானவேல். ரஜினியின் கையால் ஒரு நிரபராதியைக் கொல்ல வைத்ததற்காகவே அவருக்கு ஒரு பாராட்டு கொடுக்கலாம். அதற்குப் பிறகு அந்தக் கையை அவர் முழுதாக விசாரிக்கவில்லை என்பது என் குறை. குற்றவுணர்வு தோன்றும் இடங்களிலெல்லாம் பின்னணி இசையும் மெதுநடையும் வந்து அதைக் கரைத்துவிடுகின்றன. விசிலுக்கான இடைவெளியும் மௌனத்துக்கான இடைவெளியும் ஒரே படத்தில் மாறி மாறி வந்தால் பார்வையாளனுக்கு எதில் தட்டுவது, எதில் அடங்குவது என்று பிடிபடுவதில்லை. அரங்கில் என் அருகே அமர்ந்திருந்த இளைஞர்கள் மனித உரிமை பற்றி அமிதாப் பச்சன் பேசும்போதெல்லாம் செல்பேசியை எடுத்தார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை, எந்தப் படத்துக்கு வந்திருக்கிறோம் என்பதை அந்தப் படமே அவர்களுக்குச் சொல்லவில்லை.

‘கங்குவா’ எதிர்த் திசையில் போனது. சூர்யாவின் ஓடிடி வெற்றிகளில் அவர் பெரும்பாலும் குரலை அடக்கித்தான் நடித்தார். ‘கங்குவா’வில் அடக்கம் என்பதற்கே இடமில்லை. நிரம்பிய அரங்கம் தானாகவே தரும் சத்தத்தை இந்தப் படம் நம்பவில்லை, தானே முழுக்கச் சத்தம் போட்டுவிடத் தீர்மானித்தது. கைத்தட்டலுக்கென்று சிவா வழக்கமாக ஒதுக்கும் காலியிடத்தையும் கூச்சலால் நிரப்பியதால், அரங்கில் நமக்கு வேலையே இல்லாமல் போனது. ஒலி காதைக் கிழிக்கிறது என்ற புகார் முதல் நாளே எழுந்தது. ஒலியளவைக் குறைக்கும்படி தயாரிப்பாளர் திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார். படத்தை ஆதரித்து எழுதிய சூர்யாவின் மனைவி ஜோதிகாவே முதல் அரைமணி நேரம் எடுபடவில்லை, சத்தம் உறுத்துகிறது என்று ஒப்புக்கொண்டார். ‘வேட்டைய’ன் ஓரளவு தேறியது, ‘கங்குவா’ தோற்றது. ஆனால் முன்னது தன் மௌனத்தை இழந்தும் பின்னது தன் காலியிடத்தை இழந்தும், இரண்டும் ஒரே வகையான பிழையைத்தான் செய்தன.

இரண்டுமே ஒரு மாதம்கூட முழுதாக வெளியே நிற்கவில்லை என்று சொல்லலாம். ‘வேட்டைய’ன் நவம்பர் 8இல், ‘கங்குவா’ டிசம்பர் 8இல் அமேசான் பிரைமுக்கு வந்துவிட்டன, ‘ஜெய் பீம்’ இருக்கும் அதே இடத்துக்கு. திரையரங்கு உரிமையாளர்கள் எட்டு வார இடைவெளி கேட்டுவருகிறார்கள். 2021இல் இரண்டு வாசல்களுக்கு நடுவே இருந்த இரண்டு நாள் இப்போது ஒரே படத்துக்குள் வந்து சேர்ந்த நான்கு வாரமாகிவிட்டது. ஒரு படம் அரங்கத்துக்கும் கூடத்துக்கும் ஒருசேர எடுக்கப்பட வேண்டிய கட்டாயம் இனி எல்லா இயக்குநர்களுக்கும் உண்டு.

‘கங்குவா’வை நான் விருதுநகரில் பார்த்துத் தலைவலியோடு திரும்பினேன். டிசம்பரில் வீட்டில் மறுபடி போட்டபோது ரிமோட் கையில் இருந்தது. தயாரிப்பாளர் சொன்ன யோசனையை நானே நிறைவேற்றினேன். அந்தச் சிறுவனும் கங்குவாவும் நெருப்பருகே உட்கார்ந்து ஒருவரையொருவர் வெறுக்கும் காட்சிகள் அப்போதுதான் முதன்முறையாகக் காதில் விழுந்தன. அவை நல்ல காட்சிகள். ‘வேட்டைய’னையும் அதே வாரம் போட்டேன். அமிதாப் பேசுவதை இம்முறை வீட்டில் எல்லோரும் கேட்டார்கள், ரஜினி கண்ணாடியைச் சுழற்றி நின்ற இடத்தில்தான் என் அக்கா மகன் கேட்டான், “மாமா, நெட்டு நின்னுபோச்சா?”